ஜான் பென்னட் லாஸ்

சர் ஜான் பென்னட் லாஸ் (டிசம்பர் 28, 1814 - ஆகஸ்ட் 31, 1900) இங்கிலாந்தைச் சேர்ந்த வேளாண் அறிவியலாளரும் தொழில் முனைவோரும் நிலக்கிழாரும் ஆவார். சூப்பர் பாஸ்பேட் என்னும் செயற்கை உரத்தைத் தொழில்முறையில் உற்பத்தி செய்த முன்னோடிகளுள் இவர் ஒருவர். இலண்டனுக்கு வடக்கே ஹார்ட்ஃபோர்ட்சயரில் உள்ள ரோதம்ஸ்டெட் என்னும் தமது பண்ணையில் இவர் 1843 ஆம் ஆண்டில் தொடங்கிய ஆய்வுகளே ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தின் தோற்றமாகக் கொள்ளப்படுகின்றன. உலகில் இன்றும் தொடர்ந்து நடைபெறும் மிகப் பழைய வேளாண் கள ஆய்வுகள் இவர் தொடங்கியவையே ஆகும்.

பயிருக்குத் தேவையான நைட்ரஜன், அதாவது தழைச்சத்து, காற்றிலிருந்தும் மழையிலிருந்தும் போதிய அளவு கிடைக்கிறதா என்பது 19 ஆம் நூற்றாண்டு வேளாண் வேதியியலின் பெரிய கேள்வியாக இருந்தது. இக்கேள்விக்கு விடை காண லாஸும் அவரது உடன்பணியாளர் ஜோசப் ஹென்றி கில்பர்ட்டும் 1853 முதல் மழைநீரைச் சேகரித்து ஆராய்ந்தனர். வானிலிருந்து விளைநிலத்தில் படியும் நைட்ரஜனின் அளவு ஒன்றரை நூற்றாண்டுக் காலத்தில் எவ்வாறு மாறியது என்பதை அறிய அந்தப் பதிவுகளே இன்று அடிப்படையாக உள்ளன.

பிறப்பும் இளமையும்

லாஸ், ரோதம்ஸ்டெட் மாளிகையில் பிறந்தார். இந்தப் பண்ணை 1623 ஆம் ஆண்டு முதல் இவரது முன்னோர்களான விட்டவ்ராங்கு குடும்பத்தாரிடம் இருந்து வந்தது. இவருடைய தந்தையின் பெயரும் ஜான் பென்னட் லாஸ் என்பதாகும். இவருக்கு எட்டு வயது நிறைவதற்கு முன்பே தந்தை காலமானார். தாயார் மரியான் இவரை வளர்த்தார்.

ஈட்டன் கல்லூரியிலும் பின்னர் ஆக்சுபோர்டு பல்கலைக்கழகத்தின் பிரேசனோஸ் கல்லூரியிலும் இவர் பயின்றார். ஆனால் பட்டம் எதுவும் பெறாமலே கல்லூரியை விட்டு வெளியேறினார். ஆக்சுபோர்டில் சார்ல்ஸ் டாபெனியின் வேதியியல் சொற்பொழிவுகளைக் கேட்டதும், இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பேராசிரியர் அந்தோணி டாட் தாம்சனிடம் பழகியதும் இவரது அறிவியல் ஆர்வத்தை வளர்த்தன. 1834 ஆம் ஆண்டில் சுமார் 250 ஏக்கர் பரப்புள்ள சொந்தப் பண்ணையின் பொறுப்பை ஏற்றார்.

தொடக்கத்தில் இவரது ஆர்வம் மருந்துச் செடிகளின் மீதே இருந்தது. அபினிச் செடி, பெல்லடோனா போன்றவற்றைப் பயிரிட்டு அவற்றிலிருந்து மருந்துப் பொருள்களைப் பிரித்தெடுக்க முயன்றார். இதற்காக மாளிகையின் படுக்கையறை ஒன்றை வேதியியல் ஆய்வுக்கூடமாக மாற்றினார். 1830களின் பிற்பகுதியில் தொட்டிகளில் செடிகளை வளர்த்து, பல்வேறு உரங்களின் விளைவுகளைச் சோதிக்கத் தொடங்கினார்.

எலும்பு உரமும் சூப்பர் பாஸ்பேட்டும்

அக்காலத்தில் ஆங்கிலேய உழவர்கள் டர்னிப் கிழங்குப் பயிருக்கு எலும்புத் தூளை உரமாக இட்டு வந்தனர். சில நிலங்களில் இது நல்ல பலனைத் தந்தது. ரோதம்ஸ்டெட் போன்ற நிலங்களில் சிறிதும் பயன்தரவில்லை. அயலாரான டேக்கர் பிரபு இந்த வேறுபாட்டை லாஸின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். எலும்பிலுள்ள பாஸ்பேட் எல்லா மண்ணிலும் எளிதில் கரைவதில்லை என்பதே இதற்குக் காரணம். எலும்பைக் கந்தக அமிலத்துடன் சேர்த்தால் அதிலுள்ள பாஸ்பேட் நீரில் கரையும் வடிவத்தைப் பெறும் என்பதையும், அதை இட்ட பயிர் செழித்து வளரும் என்பதையும் லாஸ் தமது சோதனைகளால் கண்டறிந்தார்.

1842 மே 23 அன்று இம்முறைக்குக் காப்புரிமை பெற்றார். எலும்புக்கு மட்டுமன்றி, பாஸ்பேட் அடங்கிய கனிமங்களுக்கும் இக்காப்புரிமை பொருந்துவதாக இருந்தது. அதே நாளில் அயர்லாந்தைச் சேர்ந்த மருத்துவர் ஜேம்ஸ் மரே என்பவரும் இதையொத்த காப்புரிமை ஒன்றைப் பெற்றிருந்தார். 1846 இல் லாஸ் அதனையும் விலைக்கு வாங்கிக்கொண்டார்.

1842 ஆம் ஆண்டிலேயே லாஸ், நார்ஃபோக் பகுதியைச் சேர்ந்த கரோலைன் ஃபவுண்டன் என்பவரை மணந்தார். அடுத்த ஆண்டு இலண்டனில் தேம்சு ஆற்றை ஒட்டிய டெப்ட்ஃபோர்டில் தமது முதல் உரத் தொழிற்சாலையை நிறுவினார். நிலக்கிழார் குடும்பத்தினர் வணிகத்தில் ஈடுபடுவதை இழிவாகக் கருதிய காலம் அது. எனினும் லாஸ் அதைப் பொருட்படுத்தவில்லை. தொழில் பெருகவே, பார்க்கிங் கழிமுகப் பகுதியில் இன்னும் பெரியதொரு தொழிற்சாலையையும் அமைத்தார். இத்தொழிலில் கிடைத்த வருவாயே பல ஆண்டுகள் ரோதம்ஸ்டெட் ஆய்வுகளுக்குச் செலவிடப்பட்டது. அரசிடமிருந்து இவர் எந்த உதவியும் பெறவில்லை.

கில்பர்ட்டுடன் கூட்டுப்பணி

1843 சூன் மாதத்தில் ஜோசப் ஹென்றி கில்பர்ட் என்னும் இளம் வேதியியலாளரை லாஸ் பணிக்கு அமர்த்தினார். 1817 இல் ஹல் நகரில் பிறந்த கில்பர்ட், பள்ளிப் பருவத்தில் துப்பாக்கி விபத்து ஒன்றில் ஒரு கண்ணின் பார்வையை இழந்தவர். செருமனியின் கீசன் நகரில் புகழ்பெற்ற வேதியியலாளர் யுஸ்டஸ் வொன் லீபிக்கிடம் பயின்று 1840 இல் முனைவர் பட்டம் பெற்றவர்.

இருவருடைய இயல்புகளும் ஒன்றையொன்று நிறைவு செய்தன. லாஸ் உழவரின் கண்ணோட்டத்தில் கேள்விகளை எழுப்புவார். கில்பர்ட் அளவைகளிலும் பதிவுகளிலும் மிகுந்த கண்டிப்பு உடையவர். இவர்களது கூட்டுப்பணி லாஸ் இறக்கும் வரை 57 ஆண்டுகள் நீடித்தது. அறிவியல் வரலாற்றில் இவ்வளவு நீண்ட கூட்டுப்பணிகள் மிகச் சிலவே.

தொடக்கத்தில் பழைய களஞ்சியம் ஒன்றே ஆய்வுக்கூடமாக இருந்தது. இவர்களது பணியால் பயனடைந்த உழவர்கள் நன்கொடை திரட்டி, லாஸுக்கு நன்றிக்கடனாகப் புதிய ஆய்வுக்கூடம் ஒன்றைக் கட்டிக்கொடுத்தனர். அது 1855 இல் திறக்கப்பட்டது.

புரோட்பாக் வயல்

1843 இலையுதிர் காலத்தில் புரோட்பாக் என்னும் வயலில் முதன்முதலாகக் கோதுமை விதைக்கப்பட்டது. வயல் நீண்ட பாத்திகளாகப் பிரிக்கப்பட்டது. ஒரு பாத்திக்கு எந்த உரமும் இடப்படவில்லை. மற்றொன்றுக்கு ஆண்டுதோறும் ஏக்கருக்கு 14 டன் தொழு உரம் இடப்பட்டது. வேறு சிலவற்றுக்குச் சாம்பல் சத்து, மணிச்சத்து போன்ற கனிமங்கள் மட்டும் இடப்பட்டன. எஞ்சியவற்றுக்கு இக்கனிமங்களுடன் அம்மோனியா உப்புகளோ சோடியம் நைட்ரேட்டோ வெவ்வேறு அளவுகளில் சேர்க்கப்பட்டன.

மற்ற பயிர்களுக்கும் இதுபோன்ற ஆய்வுகள் தொடங்கப்பட்டன. அவற்றுள் முக்கியமானவை:

1843 - பார்ன்ஃபீல்டு வயலில் டர்னிப் முதலிய கிழங்குப் பயிர்கள்
1848 - அக்டெல் வயலில் பயிர்ச் சுழற்சி
1852 - ஹூஸ்ஃபீல்டு வயலில் பார்லி
1856 - பார்க் கிராஸ் எனப்படும் புல்வெளி ஆய்வு

உரமே இடாத கோதுமைப் பாத்தி சில ஆண்டுகளில் விளைச்சலற்றுப் போகும் எனப் பலர் எதிர்பார்த்தனர். அவ்வாறு நிகழவில்லை. விளைச்சல் குறைந்தாலும் எக்டேருக்கு ஏறத்தாழ ஒரு டன் என்னும் அளவில் நிலைபெற்றது. அந்தப் பயிர் ஆண்டுதோறும் ஏக்கருக்கு 20 பவுண்டுக்குச் சற்று மேற்பட்ட நைட்ரஜனை எடுத்துச் செல்வதாக லாஸும் கில்பர்ட்டும் கணக்கிட்டனர். இந்த நைட்ரஜன் எங்கிருந்து வருகிறது என்பதே அடுத்து எழுந்த கேள்வியாகும்.

லீபிக்குடன் கருத்து வேறுபாடு

லீபிக் 1840 இல் வெளியிட்ட நூல் ஐரோப்பிய வேளாண்மையில் பெரும் தாக்கத்தை ஏற்படுத்தியது. காற்றிலுள்ள அம்மோனியா மழையுடன் கலந்து நிலத்தை அடைகிறது என்றும், பயிருக்குத் தேவையான நைட்ரஜன் அதன்மூலமே கிடைக்கிறது என்றும் அவர் கருதினார். எனவே அறுவடையால் மண் இழக்கும் கனிமங்களை மட்டும் திரும்பக் கொடுத்தால் போதும் என்பது அவரது கனிமக் கோட்பாட்டின் சாரம் ஆகும்.

இது நூலறிஞர்களுக்குள் மட்டும் நிகழ்ந்த விவாதம் அன்று. நைட்ரஜன் உரங்கள் விலை மிகுந்தவை. லீபிக் கூறியது சரியானால் உழவர்கள் அவற்றுக்குச் செலவிட வேண்டியதில்லை. தவறானால், அவரை நம்பிக் கனிமங்களை மட்டும் இடுவோர் விளைச்சலை இழப்பர். லீபிக்கின் பெயரில் இங்கிலாந்தில் 1845 இல் விற்பனைக்கு வந்த கனிம உரம் வயல்களில் பலன் தரவில்லை. அதிலிருந்த சத்துகள் மழையில் கரைந்து போகாதிருக்க வேண்டும் என்பதற்காக அவை கரையாத வடிவில் உருக்கிச் சேர்க்கப்பட்டிருந்தன. அதனால் அவை பயிருக்கும் எட்டவில்லை.

புரோட்பாக் வயலின் முடிவுகள் லீபிக்கின் கருத்துக்கு மாறாக இருந்தன. கனிமங்கள் மட்டும் இடப்பட்ட பாத்திகள் உரமே இடாத பாத்தியைவிடச் சிறிதளவே கூடுதலாக விளைந்தன. அம்மோனியா உப்புகள் சேர்க்கப்பட்ட பாத்திகளிலோ விளைச்சல் பெரிதும் உயர்ந்தது. லாஸும் கில்பர்ட்டும் 1847 முதல் இம்முடிவுகளை இங்கிலாந்தின் அரச வேளாண் கழக இதழில் வெளியிட்டனர். லீபிக் 1855 இல் தனி நூல் ஒன்றை எழுதிக் கடுமையாக மறுத்தார். ரோதம்ஸ்டெட் அறிஞர்களும் விரிவான மறுமொழி அளித்தனர். தமது ஆசிரியரின் கருத்துக்கு எதிராக எண்களை அடுக்க வேண்டிய நிலை கில்பர்ட்டுக்கு ஏற்பட்டது.

இந்த விவாதத்தில் தழைச்சத்தைப் பொறுத்தவரை லாஸின் பக்கமே உண்மை இருந்தது எனப் பின்னர் ஏற்றுக்கொள்ளப்பட்டது. எனினும் பயிருக்குக் கனிமங்கள் இன்றியமையாதவை என்னும் லீபிக்கின் அடிப்படைக் கருத்து நிலைத்து நின்றது.

மழைநீரை அளத்தல்

மழை எவ்வளவு நைட்ரஜனைக் கொண்டுவருகிறது என்பதை ஊகத்தால் அன்றி அளந்தே அறிய வேண்டும் என லாஸ் முடிவு செய்தார். 1853 இல் ரோதம்ஸ்டெட்டில் மிகப் பெரிய மழைமானி ஒன்று அமைக்கப்பட்டது. ஏக்கரில் ஆயிரத்தில் ஒரு பங்கு பரப்புடைய இது, சுமார் 4 சதுர மீட்டர் நிலத்தில் விழும் மழையைச் சேகரிக்கக் கூடியது. வழக்கமான சிறு மழைமானிகளில் கிடைக்கும் நீர் வேதியியல் பகுப்பாய்வுக்குப் போதாது என்பதாலேயே இவ்வளவு பெரிய மானி தேவைப்பட்டது.

மழைநீரில் உள்ள அம்மோனியாவும் நைட்ரேட்டும் அளக்கப்பட்டன. 1850களில் நடந்த முதல் பகுப்பாய்வுகளில் ஜான் தாமஸ் வே என்னும் வேதியியலாளரும் பங்கேற்றார். அக்காலக் கருவிகளால் இத்துணைச் சிறிய அளவுகளைத் துல்லியமாக அறிவது கடினமாக இருந்தது. ஆயினும் ஏக்கருக்கு ஆண்டொன்றுக்கு 10 பவுண்டுக்கும் குறைவான நைட்ரஜனே மழையில் வருகிறது என்பது தெளிவாயிற்று. ஆய்வு முறைகள் திருந்தியபோது இந்த அளவு மேலும் குறைந்தது.

1876 இல் ரோதம்ஸ்டெட்டில் சேர்ந்த ராபர்ட் வாரிங்டன் மழைநீரையும் வடிநீரையும் தொடர்ந்து ஆராய்ந்தார். பின்னர் 1888 முதல் 1916 வரை மாதந்தோறும் பகுப்பாய்வு நடைபெற்றது. இந்த 28 ஆண்டுகளின் முடிவுகள் லாஸின் காலத்துக்குப் பின் 1919 இல் வெளியிடப்பட்டன. மழையில் வரும் நைட்ரஜன் சராசரியாக ஏக்கருக்கு ஏறத்தாழ 4 பவுண்டு, அதாவது எக்டேருக்குச் சுமார் 4.5 கிலோகிராம் மட்டுமே என அவை காட்டின. இதில் மூன்றில் இரண்டு பங்கு அம்மோனியாவாகவும் ஒரு பங்கு நைட்ரேட்டாகவும் இருந்தது.

உரமிடாத கோதுமைப் பயிர் எடுத்துச் செல்லும் 20 பவுண்டுடன் ஒப்பிட்டால் இது ஐந்தில் ஒரு பங்கே ஆகும். நல்ல விளைச்சலுக்குத் தேவையான அளவுடன் ஒப்பிட்டால் இது மிகவும் அற்பமானது. மழையை மட்டும் நம்பிப் பயிர் செய்ய இயலாது என்னும் லாஸின் கருத்து இவ்வாறு உறுதிப்பட்டது.

வந்ததை அளந்தது போலவே, மண்ணிலிருந்து வெளியேறுவதையும் அவர்கள் அளந்தனர். 1870 இல் 20, 40, 60 அங்குல ஆழமுள்ள மூன்று வடிநீர் மானிகள் கட்டப்பட்டன. மண்ணைக் கலைக்காமல் அதன் அடியில் கட்டுமானம் செய்து, கசிந்து வரும் நீர் சேகரிக்கப்பட்டது. பயிரற்ற மண்ணிலிருந்து கணிசமான நைட்ரேட் நீருடன் கீழிறங்கிச் செல்வது இதனால் தெரியவந்தது.

கண்ணாடி மூடிச் சோதனைகள்

காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன் வளியாக உள்ளது. இதைச் செடிகள் நேரடியாகப் பயன்படுத்த முடியுமா என்பது மற்றொரு கேள்வி. 1857 இல் அமெரிக்காவைச் சேர்ந்த ஈவன் பியூ என்பவர் ரோதம்ஸ்டெட்டுக்கு வந்தார். பின்னாளில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகமாக வளர்ந்த கல்லூரிக்கு முதல் தலைவரானவர் இவரே. லாஸ், கில்பர்ட், பியூ ஆகிய மூவரும் செடிகளைக் கண்ணாடி மூடிகளுக்குள் வளர்த்தனர். உள்ளே செலுத்தப்பட்ட காற்று கந்தக அமிலத்தின் வழியாகச் செலுத்தப்பட்டு அம்மோனியா முழுவதும் நீக்கப்பட்டது. மண்ணும் நன்கு சுடப்பட்டு நைட்ரஜன் அகற்றப்பட்டது.

தானியச் செடிகளாயினும் அவரையினச் செடிகளாயினும் காற்றிலிருந்து நைட்ரஜன் வளியை ஏற்கவில்லை என்பதே முடிவாக இருந்தது. 1861 இல் வெளியான இக்கட்டுரை இக்கேள்விக்கு இறுதி விடையாகப் பலராலும் கருதப்பட்டது.

ஆயினும் ஒரு புதிர் எஞ்சியிருந்தது. குளோவர் போன்ற அவரையினப் பயிர்கள் நிலத்திலிருந்து மிகுதியான நைட்ரஜனை எடுத்துச் சென்ற பின்னும், அவற்றை அடுத்து விதைக்கப்படும் கோதுமை நன்றாக விளைந்தது. ரோதம்ஸ்டெட்டின் சொந்த வயல்களிலேயே இது காணப்பட்டது. 1886 இல் செருமானிய அறிஞர்களான எர்மான் எல்ரீகலும் எர்மான் வில்ஃபார்த்தும் இப்புதிரை விடுவித்தனர். அவரையினச் செடிகளின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்களே காற்றிலுள்ள நைட்ரஜனை நிலைப்படுத்துகின்றன என்று அவர்கள் காட்டினர். ரோதம்ஸ்டெட் சோதனையில் மண்ணைச் சுட்டபோது அந்த நுண்ணுயிர்களும் அழிந்துவிட்டன. சோதனையைத் தூய்மையாக நடத்தியதே உண்மையை மறைத்துவிட்டது.

அப்போது லாஸுக்கு எழுபது வயது கடந்திருந்தது. அவரும் கில்பர்ட்டும் தமது பழைய முடிவைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. புதிய சோதனைகளை ரோதம்ஸ்டெட்டில் தாமே நடத்திப் பார்த்து, செருமானியர்களின் கண்டுபிடிப்பு சரியே என வெளியிட்டனர்.

பிற ஆய்வுகள்

கால்நடைத் தீவனம் பற்றியும் லாஸ் விரிவாக ஆராய்ந்தார். விலங்குகளின் உடலில் மாவுப் பொருளிலிருந்தும் கொழுப்பு உருவாகிறது என்பதை இவரது பன்றித் தீவன ஆய்வுகள் உறுதிப்படுத்தின. நகரக் கழிவுநீரை உரமாகப் பயன்படுத்துவது பற்றி ஆராய அமைக்கப்பட்ட அரச ஆணையத்திலும் இவர் பணியாற்றினார். புரோட்பாக் வயலின் விளைச்சலை அடிப்படையாகக் கொண்டு, நாட்டின் கோதுமை விளைச்சல் மதிப்பீட்டை ஆண்டுதோறும் டைம்ஸ் நாளிதழுக்கு எழுதி வந்தார்.

1882 இல் புரோட்பாக் வயலின் ஒரு மூலையில் சுமார் அரை ஏக்கர் கோதுமையை அறுவடை செய்யாமல் விட்டுவிடச் செய்தார். பேணுவாரற்ற கோதுமை களைகளுடன் போட்டியிட்டு எவ்வளவு காலம் நிலைக்கும் என்பதை அறிவதே நோக்கமாகும். சில ஆண்டுகளில் கோதுமை முற்றாக மறைந்தது. அந்நிலம் பின்னர் காடாக மாறியது. உரமோ உழவோ இல்லாத அந்த மண்ணில் நைட்ரஜன் ஆண்டுதோறும் சேர்ந்து வந்ததைப் பிற்கால ஆய்வுகள் காட்டின.

தொழிலும் பொதுப்பணியும்

1872 இல் லாஸ் தமது உரத் தொழிற்சாலைகளை 3,00,000 பவுண்களுக்கு விற்றார். 1889 இல் 1,00,000 பவுண்களை ஒதுக்கி லாஸ் வேளாண் அறக்கட்டளையை நிறுவினார். தமது மறைவுக்குப் பின்னும் ஆய்வுகள் தடைப்படாமல் நடக்க வேண்டும் என்பதே இதன் நோக்கமாகும்.

தமது பண்ணைத் தொழிலாளர்களுக்குக் காய்கறி பயிரிடச் சிறு நிலங்களைக் குறைந்த வாடகைக்கு வழங்கினார். அவர்கள் கூடிப் பேசவும் மலிவான விலையில் மது வாங்கவும் 1857 இல் ஹார்பெண்டனில் ஒரு மன்றத்தைக் கட்டிக்கொடுத்தார். மன்றத்தின் நிர்வாகம் தொழிலாளர்களிடமே விடப்பட்டது. புகழ்பெற்ற எழுத்தாளர் சார்லஸ் டிக்கின்ஸ் 1859 இல் இம்மன்றத்தைப் பற்றித் தமது இதழில் ஒரு கட்டுரை எழுதியுள்ளார்.

விருதுகளும் பெருமைகளும்

1854 - இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினர்
1867 - அரச கழகத்தின் அரச பதக்கம் (கில்பர்ட்டுடன் இணைந்து)
1882 - பாரனெட் பட்டம்
1893 - கலைகள் கழகத்தின் ஆல்பர்ட் பதக்கம் (கில்பர்ட்டுடன் இணைந்து)

ஆய்வுகளின் 50 ஆவது ஆண்டு நிறைவு 1893 இல் கொண்டாடப்பட்டது. அதன் நினைவாக ஆய்வுக்கூடத்தின் முன் பெரிய கருங்கல் ஒன்று நாட்டப்பட்டது. அதே ஆண்டில் கில்பர்ட்டும் சர் பட்டம் பெற்றார்.

குடும்பமும் இறுதிக் காலமும்

லாஸ் இணையருக்கு ஒரு மகனும் ஒரு மகளும் பிறந்தனர். மகன் சார்லஸ் பென்னட் லாஸ் விளையாட்டு வீரராகவும் சிற்பியாகவும் அறியப்பட்டவர். மனைவி கரோலைன் 1895 இல் காலமானார். லாஸ் 1900 ஆகஸ்ட் 31 அன்று, தாம் பிறந்த ரோதம்ஸ்டெட்டிலேயே 85 ஆவது வயதில் இறந்தார். ஹார்பெண்டன் புனித நிக்கலசு தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். கில்பர்ட் அடுத்த ஆண்டு டிசம்பர் 23 அன்று காலமானார்.

மழை நைட்ரஜனின் நீண்டகாலப் போக்கு

லாஸ் தொடங்கிய மழைநீர்ப் பதிவு அவர் எதிர்பாராத ஒரு பயனைப் பிற்காலத்தில் தந்தது. அவர் காலத்தில் மழையில் வரும் நைட்ரஜன் போதுமானதா என்பதே கேள்வி. 20 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது மிகையானதா என்பது கேள்வியாயிற்று.

மோட்டார் வண்டிகள், மின்நிலையங்கள், தொழிற்சாலைகள் ஆகியவை நைட்ரஜன் ஆக்சைடுகளை வெளியிடுகின்றன. கால்நடைக் கழிவிலிருந்தும் உரமிட்ட நிலங்களிலிருந்தும் அம்மோனியா காற்றில் கலக்கிறது. 1913 இல் காற்றிலுள்ள நைட்ரஜனிலிருந்து அம்மோனியாவைத் தயாரிக்கும் ஏபர்-போஷ் முறை தொழில்முறையில் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் நைட்ரஜன் உரங்களின் பயன்பாடு பன்மடங்கு பெருகியது. இவ்வாறு காற்றில் சேர்ந்த நைட்ரஜன் மீண்டும் நிலத்தில் படிகிறது.

ரோதம்ஸ்டெட் பதிவுகளின்படி, மழையில் வந்த நைட்ரஜனின் அளவு (எக்டேருக்கு ஆண்டொன்றுக்குக் கிலோகிராமில், தோராயமாக) பின்வருமாறு மாறியுள்ளது:

1855 - நைட்ரேட் 1, அம்மோனியம் 3
1980 - நைட்ரேட் 8, அம்மோனியம் 10
1990களின் நடுப்பகுதி - நைட்ரேட் 4, அம்மோனியம் 5

மழையில் வருவது மட்டுமே முழு அளவு அன்று. வளிகளாகவும் நுண்துகள்களாகவும் இலைகள் மீதும் மண் மீதும் நேரடியாகப் படியும் நைட்ரஜனும் உண்டு. இது உலர் படிவு எனப்படும். லாஸின் மழைமானியால் இதை அளக்க இயலாது. 1990களில் ரோதம்ஸ்டெட்டின் கோதுமை வயல்களில் இரண்டையும் சேர்த்து எக்டேருக்கு ஆண்டுதோறும் சுமார் 43 கிலோகிராம் நைட்ரஜன் படிந்ததாகவும், அதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு உலர் படிவு எனவும் 1998 இல் வெளியான ஆய்வு கூறியது. இவ்வாறு படிவதில் பாதிக்குச் சற்று மேற்பட்ட பங்கைப் பயிர் எடுத்துக்கொள்வதாகவும், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மண்ணின் கரிமப் பொருளில் தங்குவதாகவும், எஞ்சியது வளியாகவும் நைட்ரேட்டாகவும் இழக்கப்படுவதாகவும் அவ்வாய்வு கணக்கிட்டது.

உழவருக்கு இது இலவச உரமாகத் தோன்றலாம். ஆனால் மண் அமிலமாதல், நீர்நிலைகளில் நைட்ரேட் பெருகுதல், இயற்கைப் புல்வெளிகளில் தாவர வகைகள் குறைதல் ஆகியன இதன் தீய விளைவுகளாகும். கடைசியாகக் கூறிய விளைவுக்கு லாஸின் பார்க் கிராஸ் புல்வெளியே சான்றாக உள்ளது. அங்கு உரமிடாத பாத்திகளில் நாற்பதுக்கும் மேற்பட்ட தாவர இனங்கள் காணப்படுகின்றன. சுண்ணாம்பு இடப்படாமல் அம்மோனியம் சல்பேட் மிகுதியாக இடப்பட்ட பாத்திகளில் ஓரிரு புல்வகைகளே எஞ்சியுள்ளன. 1990களில் வாகனப் புகையையும் ஆலைப் புகையையும் கட்டுப்படுத்தும் முறைகள் நடைமுறைக்கு வந்தபின் காற்றிலிருந்து படியும் நைட்ரஜன் குறைந்தது. அதனுடன் 1991 முதல் 2012 வரையான காலத்தில் அப்புல்வெளியில் தாவர வகைகள் மீண்டும் பெருகியதாக 2015 இல் வெளியான ஆய்வு காட்டியது.

தாக்கம்

ரோதம்ஸ்டெட் ஆய்வுகள் பிற நாடுகளிலும் நிலையான உரச் சோதனைகள் தொடங்கப்பட முன்மாதிரியாக அமைந்தன. தமிழ்நாட்டில் கோயம்புத்தூர் வேளாண் கல்லூரியில் 1909 இல் தொடங்கப்பட்ட நிலையான உரச் சோதனையும் இந்த மரபைச் சேர்ந்ததாகும். இக்கல்லூரியே பின்னர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது.

1843 முதல் சேகரிக்கப்பட்ட மண், தானியம், வைக்கோல் ஆகியவற்றின் மாதிரிகள் ரோதம்ஸ்டெட்டில் பாதுகாக்கப்பட்டுள்ளன. இவற்றின் எண்ணிக்கை மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டதாகும். லாஸின் காலத்தில் அறியப்படாத மாசுப் பொருள்களையும் இம்மாதிரிகளைக் கொண்டு இப்போது ஆராய முடிகிறது.

லாஸ் செயற்கை உரத் தொழிலுக்கு அடிகோலியவர். அத்தொழிலின் வளர்ச்சியுடன் வந்த சுற்றுச்சூழல் கேடுகளை ஆண்டுக்கு ஆண்டு அளந்து காட்டும் பதிவையும் அவரே தொடங்கி வைத்தார். தமது முடிவுகள் சரியோ தவறோ, அளப்பதை இடையில் நிறுத்தாமல் தொடரச் செய்ததே வேளாண் அறிவியலுக்கு அவர் ஆற்றிய முதன்மையான பணியாகக் கருதப்படுகிறது.